ஸ்விஃப்ட் 82,000 கி.மீ. சர்வீஸ்: எதை வீட்டிலேயே செய்யலாம், எதை மெக்கானிக்கிடம் விடணும்?

முத்துநகர்_விஎக்ஸ்ஐ

வணக்கம் நண்பர்களே. வண்டி 2014 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல், 82,000 கி.மீ. ஓடியிருக்கு. வாரண்டி எப்போதோ முடிஞ்சாச்சு. சர்வீஸ் சென்டரில் கொடுத்த எஸ்டிமேட்டில் இருப்பவை:

எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், ஸ்பார்க் பிளக் 4, கூலண்ட், பிரேக் ஆயில், முன்பக்க பிரேக் பேட், அது அழுத்திப் பிடிக்கும் முன்பக்க டிஸ்க் இரண்டும், த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங், எஞ்சின் ஃப்ளஷ் (எஞ்சின் உட்புறத்தைக் கழுவும் திரவம்), வீல் அலைன்மென்ட்.

பிரேக் பிடிக்கும்போது லேசாகக் கீச்சுனு சத்தம், வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது. டிஸ்க் மாற்றச் சொன்னதற்கு அதுதான் காரணமாம்.

இதில் எதெல்லாம் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வைத்து நாமே செய்யலாம்? என்னென்ன டூல்ஸ் வேணும்? ஸ்பானர் செட்டும், வண்டியோடு வந்த ஜாக்கியும் கைவசம் இருக்கு. பிளக், ஏர் ஃபில்டர் கழற்றி மாட்டுற அளவுக்குப் பழக்கம் உண்டு.

---

ரிங்_ஸ்பானர்

வேலை சுலபமா கஷ்டமா என்று பார்த்துப் பிரிக்காதீங்க. முடிச்சதும், வண்டி ரோட்டுக்குப் போகும் முன்னாடி, சரியாகத்தான் செய்திருக்கோம் என்று நாமே சோதிச்சுத் தெரிஞ்சுக்க முடியுமா? முடியும்னா வீட்டில் செய்யலாம். ஆயில் மாற்றினால் ஒழுகுதா இல்லையா என்பது 5 நிமிஷத்தில் தெரிஞ்சிடும். அலைன்மென்ட் மெஷின் இல்லாமல் தெரியாது. எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் தப்பினால் தெரியும்போது வால்வு வளைஞ்சிருக்கும். உங்க ஸ்விஃப்ட்டில் செயின் என்பதால் அந்தக் கவலை இல்லை, ஆனால் பழைய ஐ10 1.1 வைத்திருப்பவர்கள் பெல்ட்டில் கை வைக்க வேண்டாம்.

உங்க லிஸ்ட்டுக்கு வருவோம். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் இரண்டுக்கும் காசு கொடுத்து லேபர் போடுவது வீண். ஏசி ஃபில்டர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். காற்று போகும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும், அதை மட்டும் மாத்திப் போட்டுடாதீங்க. சில வண்டியில் அந்த இடம் காலியாகவே வரும், வாங்கும் முன் திறந்து பாருங்க.

பிளக்: எஞ்சின் முழுக்க ஆறின பிறகுதான். பிளக் உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை பிய்யும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை எடுத்ததும் குழிக்குள் இருக்கும் தூசியை ஊதிடுங்க, இல்லைன்னா பிளக்கை எடுக்கும்போது மண் நேரா சிலிண்டருக்குள் போகும். புதுசை ஸ்பானர் வைக்காமல் விரலால், ஒரு ரப்பர் டியூப் துண்டில் செருகிச் சுற்றுங்க. மரை தப்பா பிடிச்சா டியூப் வழுக்கிடும், ஹெட்டுக்குச் சேதம் வராது. கையால் இறுகினதும் வாஷர் உள்ள புது பிளக்குக்கு அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று போதும். சாதாரண நிக்கல் பிளக் 40,000 கி.மீ. வாக்கில் மாத்தலாம். இரிடியம்னா அதைவிட ரொம்ப நாள் வரும், எது போட்டிருக்குன்னு பார்த்துட்டு வாங்குங்க.

ஆயில்: ஃபில்டரோடு சேர்த்து சுமார் 3.1 லிட்டர். கிரேடு மேனுவலில் உள்ளதுதான், கடைக்காரர் "இது திக்கா இருக்கும் சார், பழைய வண்டிக்கு நல்லது" என்று சொல்வதை விட்டுடுங்க. எஞ்சினை 5 நிமிஷம் ஓடவிட்டு வெதுவெதுப்பில் வடிக்கணும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். டிரெய்ன் போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர். இறுக்கம் 35 நியூட்டன் மீட்டர். "நல்லா இறுக்கு" என்று நீளமான பைப் மாட்டி இழுத்தால் அடுத்த சர்வீஸில் மரை கையோடு வரும்.

புதுசா செய்பவர்கள் மாட்டிக்கொள்வது ஃபில்டரில்தான். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சின் பக்கமே ஒட்டிக்கும். அதைக் கவனிக்காமல் புதுசை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்று. ஐடிலில் (வண்டி நின்னு எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஒன்றும் தெரியாது, ரேஸ் கொடுத்ததும் பிரஷரில் பிதுங்கி மொத்த ஆயிலும் கொட்டிடும். பழைய ஃபில்டரைத் திருப்பி வளையம் அதில் இருக்கான்னு பாருங்க, எஞ்சின் முகத்தைத் துணியால் துடைச்சு விரலால் தடவுங்க. புது வளையத்தில் ஆயில் பூசி, ஒட்டினதும் கையால் முக்கால் சுற்று.

முதலில் 2.8 லிட்டர் ஊத்தி ஸ்டார்ட் பண்ணுங்க. ஆயில் லைட் சில விநாடியில் அணையணும். ஆஃப் செய்து 5 நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக் பார்த்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக. மேக்ஸுக்கு மேல் போனால் சுற்றும் கிராங்க் தண்டு அடிச்சு ஆயில் நுரையாகும், "கொஞ்சம் கூட இருக்கட்டும்" கூடாது. பழைய ஆயிலைக் கேனில் அடைச்சு பட்டறையில் கொடுத்துடுங்க, டிரம்மில் சேர்த்து மறுசுழற்சிக்கு விடுவாங்க. சாக்கடையில் ஊத்தாதீங்க.

எஞ்சின் ஃப்ளஷை லிஸ்ட்டிலிருந்தே அடிச்சிடுங்க. 10,000 கி.மீ.க்கு ஒழுங்கா ஆயில் மாறிய எஞ்சினில் கழுவ ஒன்றும் கிடையாது. மாறாத எஞ்சினில் ஃப்ளஷ் போட்டால் படிஞ்ச கசடு பெயர்ந்து ஆயில் பம்ப் வலையை அடைக்கும்.

த்ராட்டில் பாடி: ஐடில் ஏறி இறங்கலைன்னா தொடவே வேண்டாம். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்பதால் சாவி ஆனில் இருக்கும்போது தட்டை விரலால் தள்ளினால் மோட்டாரின் பல் போகும்.

---

ஐந்தாவது_கியர்

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கணக்கு போடாமல் இறங்க வேண்டாம். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்), ஜாக் ஸ்டாண்ட் (ஏத்தின வண்டியைத் தாங்கும் இரும்புக் கால்) ஒரு ஜோடி, ஆயில் ஃபில்டர் ரெஞ்ச், டிரெய்ன் டிரே எல்லாம் சேர்த்தால் சில ஆயிரம் ஆகும். வருஷத்துக்கு ஒரு ஆயில் சர்வீஸில் மிச்சமாகும் லேபர் அதை ஈடுகட்ட வருஷங்கள் ஆகும். ஆயில், ஃபில்டர் நீங்களே வாங்கிட்டுப் போய்த் தெரிஞ்ச பட்டறையில் ரேம்ப்பில் ஏத்தி, பக்கத்தில் நின்னு மாத்தச் சொல்லுங்க. சீல் உடைச்சு ஊத்துவதைப் பார்த்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. காலி டப்பாவை மூடியோடு வாங்கிட்டு வந்து நசுக்கிப் போடுங்க, போலி ஆயில் அதில்தான் திரும்பி வருது.

ஏர் ஃபில்டர், பிளக், பேட்டரி டெர்மினல், வைப்பர், பல்பு, ஃபியூஸ் இதெல்லாம் ஜாக்கியே வேண்டாத வேலை. அதுவரைக்கும் வீட்டில், வண்டிக்கு அடியில் போகணும்னா வெளியில் என்பதுதான் அபார்ட்மென்ட்காரருக்குச் சரிவரும். அசோசியேஷன் செக்ரட்டரி ஆயில் கறையைப் பார்த்துட்டுப் போடும் சத்தத்தைக் கணக்கில் சேர்க்கலை.

---

பட்டறை_மதுரை

சார், டிஸ்க்கை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

வண்டி இடது பக்கம் இழுக்குதுன்னா முக்கால்வாசி நேரம் கோளாறு வலது பக்கத்துல இருக்கும். வலது வீல் சரியா பிடிக்கல, இடது ஒழுங்கா பிடிக்குது, அதான் இடது பக்கம் திரும்புது. முதல்ல நாலு டயர் காத்தையும் சமமா வச்சுட்டு ஓட்டிப் பாருங்க. அப்பவும் இழுத்தா முன்பக்கம் ரெண்டு வீலையும் கழட்டி பேட் தேய்மானத்தைப் பாருங்க.

உங்க வண்டியில ஒரே பிஸ்டன் உள்ள ஃப்ளோட்டிங் காலிப்பர், அதாவது பேடை டிஸ்க்ல அழுத்துற, பக்கவாட்டுல நகருற பிடி. உள்பக்க பேட் 2 மி.மீ., வெளிப்பக்க பேட் 6 மி.மீ. இருந்தா பெரும்பாலும் காலிப்பர் நகருற கைட் பின் இறுகிப் போச்சுன்னு அர்த்தம். பிஸ்டன் உள் பேடைத் தள்ளுது, காலிப்பர் நகர முடியாததால வெளி பேட் டிஸ்க்கைத் தொடவே மாட்டேங்குது. பேட் ஒரு ஓரத்துல மட்டும் சரிவா தேய்ஞ்சிருந்தா ரெண்டு பின்ல ஒண்ணு மட்டும் இறுகியிருக்கும், இல்லைன்னா பேட் காது (ரெண்டு ஓரத்துலயும் நீட்டிக்கிட்டு இருக்கிற முனை) பிராக்கெட்ல துருப்பிடிச்சு சிக்கியிருக்கும். இதை சரி பண்ணாம புது பேட், புது டிஸ்க் போட்டா கொஞ்ச மாசத்துல திரும்ப இதே கம்ப்ளைண்ட் வரும்.

டிஸ்க் மாத்தணுமா வேண்டாமான்னு யார் வாயையும் கேக்க வேண்டாம். டிஸ்க்லயே குறைந்தபட்ச தடிமன் பொறிச்சிருக்கும். மைக்ரோமீட்டர்ல அளந்து பாக்கணும். வெர்னியர் வச்சா ஓரத்துல தேயாம நிக்கிற விளிம்புல தட்டி அதிகமா காட்டும். வெர்னியர்தான் இருக்குன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ரெண்டு காசு வச்சு அளந்து, காசோட தடிமனைக் கழிச்சுடுங்க. அளவு மேல இருந்து, ஆழமான கோடும் வெடிப்பும் இல்லாம, பெடல் அதிராம இருந்தா டிஸ்க் ஓடட்டும்.

இன்னொண்ணு. பார்ட்ஸ் நீங்க வாங்கிட்டு வந்தா பட்டறைக்காரன் வேலைக்குத்தான் கேரண்டி கொடுப்பான், பார்ட்ஸுக்கு இல்ல. அது நியாயம்தான். அதனால எஸ்டிமேட்ல பார்ட்ஸ் தனி, லேபர் தனியா எழுதி வாங்குங்க, பழைய பார்ட்ஸைத் திருப்பிக் கேளுங்க. இது ரெண்டுக்கும் முகம் சுளிக்கிற கடைக்கு வண்டியை விடாதீங்க. சென்னைப் பக்கம்னா ஜி.பி. ரோட்டுல பேட், ஃபில்டர் எல்லாம் கிடைக்கும். புதுப்பேட்டை பழைய சாமான் கண்ணாடி, கைப்பிடிக்கெல்லாம் ஓகே, பிரேக் சம்பந்தப்பட்டது எதையும் அங்க வாங்காதீங்க.

---

முத்துநகர்_விஎக்ஸ்ஐ

ரொம்ப நன்றி. இன்று காலையில் வீலைக் கழற்றிப் பார்த்தேன். பட்டறை அண்ணன் சொன்ன மாதிரியே வலது பக்கம் உள் பேட் தேய்ஞ்சு போயிருக்கு, வெளி பேட் நிறைய இருக்கு. இடது பக்கம் இரண்டும் சமம். டிஸ்க் அளவு இன்னும் மிச்சம் இருக்கு.

பேடும் பின்னும் நானே செய்யலாம்னு நினைக்கிறேன். வரிசையாகச் சொல்ல முடியுமா? பார்க்கிங் தரை பேவர் பிளாக், அது பிரச்சினையா? இன்னொரு விஷயம், இடையிடையே எஞ்சின் லைட் மினுக்குது. சின்ன ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) மாட்டிப் பார்த்ததில் பி0301 என்ற எரர் கோடு வருது. இதற்கும் பிளக் மாத்தினால் போதுமா?

---

ரிங்_ஸ்பானர்

பிரேக்கை நீங்களே செய்யலாம், பெடலை மிதிச்சாலே பாதி சோதனை முடிஞ்சிடும் என்பதால். ஆனால் பாதியில் நின்னுபோனால் வண்டி அப்படியே நிற்கும், அதனால் ஞாயிறு மாலை தொடங்காதீங்க. கடை திறந்திருக்கும் நாளில் காலையில் செய்யுங்க.

வாங்க வேண்டியது: முன்பக்க பேட் செட் (ஒரு பக்கத்துக்கு மட்டும் மாத்தக்கூடாது, இரண்டு பக்கமும் ஒன்றாக), சிலிக்கான் பிரேக் கிரீஸ், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, ஜி-கிளாம்ப், கம்பி பிரஷ். வீட்டில் இருக்கும் சாதா கிரீஸைப் பின்னில் பூசாதீங்க. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக்கின் ரப்பர் ஊதிப் பெருத்துப் பின் மறுபடி இறுகும். உங்க வலது பக்கத்துக்கு நேர்ந்ததே அதுவாகக்கூட இருக்கலாம்.

சமதளம், முதல் கியர், ஹேண்ட் பிரேக், பின் வீலுக்குக் கட்டை. வீல் தரையில் இருக்கும்போதே நட்டை அரைச் சுற்று தளர்த்திட்டுப் பிறகு ஏத்துங்க. ஜாக் ஸ்டாண்டில் இறக்கி வச்ச பிறகுதான் கை உள்ளே போகணும். வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாத்த மட்டும்.

ஸ்டியரிங்கை ஒடிச்சு காலிப்பர் வெளிப்பக்கம் வரும்படி வைங்க. கழற்றும் முன் கிளிப், ஷிம் (பேடுக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகடு) எல்லாம் எப்படி உட்கார்ந்திருக்குன்னு போட்டோ எடுங்க. ஒரு பக்கத்தை முழுசா முடிச்சிட்டு அடுத்ததைத் தொடுங்க, சந்தேகம் வந்தால் மறுபக்கம் போய்ப் பார்த்துக்கலாம். கீழ் கைட் போல்ட்டைக் கழற்றும்போது பின்னும் சேர்ந்து சுத்தும், அதை மெல்லிய ஸ்பானரால் பிடிச்சுக்கணும். காலிப்பரை மேலே தூக்கி கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்க. ஹோஸில் தொங்கவிட்டால் உள்ளே கிழியும், வெளியே பார்த்தால் தெரியாது.

இனி உங்க பிரச்சினை. இரண்டு பின்னையும் வெளியே இழுங்க. வலது பக்கத்தில் ஒன்று வரவே வராது, சுத்திச் சுத்தி இழுக்கணும். பழைய கிரீஸ் தார் மாதிரி காய்ந்திருக்கும். கிளீனரில் கழுவி, துளைக்குள்ளும் துடைச்சு, துருப்பிடிச்சுக் குழி விழுந்திருந்தால் பின்னையே மாத்துங்க. ரப்பர் பூட் கிழிஞ்சிருந்தால் அதுவும், ஏன்னா தண்ணி நுழைஞ்ச இடம் அதுதான். இரண்டு பின்னும் ஒரே மாதிரி இருக்காது. சிலதில் ஒன்றுக்கு முனையில் ரப்பர் வளையம் இருக்கும், எது மேலே எது கீழே என்று குறிச்சு வைங்க. மெல்லிசா கிரீஸ் பூசி உள்ளே விட்டால் விரலால் தள்ளினால் போகணும், விட்டால் பூட் காற்றில் லேசாகத் திரும்பி வரணும். அப்படி வந்தால் சரி.

பேட் காது உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷால் தேய்ச்சு துருவை எடுத்திட்டு அங்கேயும் துளி கிரீஸ். பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் படவே கூடாது. தூசியை வாயாலோ கம்ப்ரஸராலோ ஊதாதீங்க, கிளீனரில் நனைச்சுத் துடைங்க.

பிஸ்டனைத் தள்ளும் முன் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்க. மேக்ஸில் இருந்தால் தள்ளும்போது வழியும், பெயின்ட்டில் பட்டால் தோல் உரியும். சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்துடுங்க. பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து ஜி-கிளாம்ப்பால் மெதுவா, நேரா. கோணலாகப் போனாலோ ரொம்ப கெட்டியாக இருந்தாலோ நிறுத்துங்க, அது பிஸ்டன் சிக்கல், பட்டறை வேலை.

தேய்மானத்தைச் சொல்லும் உலோக நாக்கு உள்ள பேட் பழசில் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம். உங்களுக்குக் கேட்ட கீச்சு அந்த நாக்கு டிஸ்க்கில் உரசுவதாக இருக்கலாம்.

எல்லாம் மாட்டி வீலும் மாட்டியதும், ஸ்டார்ட் பண்ணி கியர் போடும் முன் பெடலை இறுகும் வரை பலமுறை மிதிங்க. பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதிக்குப் பெடல் தரை வரை போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து பார்க்கிங் தூணில் மோதுவதுதான் இந்த வேலையில் நடக்கும் வழக்கமான விபத்து. பிறகு பிரேக் ஆயில் லெவலைப் பாருங்க. நடை வேகத்தில் இரண்டு தடவை பிடிச்சுப் பார்த்துட்டு வெளியே போங்க.

காலி ரோட்டில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாக 8, 10 தடவை குறைங்க, நடுவில் அரை நிமிஷம் ஆறவிட்டு. சூடாக இருக்கும்போது முழுசா நிறுத்திப் பெடலை மிதிச்சே வைக்காதீங்க, பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டி அப்புறம் அதிரும். திரும்பி வந்ததும் வீல் அருகே கையை வைத்து இரண்டு பக்கச் சூட்டையும் பாருங்க. ஒன்று மட்டும் கொதிச்சால் அந்தப் பின்னோ பிஸ்டனோ இன்னும் சிக்குது.

பிரேக் ஆயில் மாத்துவதை மட்டும் பட்டறைக்கு விடுங்க. டாட் 3 வகை பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், புதுசில் 205 டிகிரிக்குக் கொதிப்பது ஈரம் ஏறினால் 140-க்கு இறங்கிடும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஆனால் ஏபிஎஸ் (வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இடையில் டப்பா காலியாகி அந்த யூனிட்டுக்குள் காற்று போனால் ஸ்கேனர் இல்லாமல் வெளியேத்துவது கஷ்டம்.

---

சென்சார்_ராஜா

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியலை. அவ்வளவுதான் அது சொல்லுது, ஏன் என்று சொல்லலை. ஸ்கேனர் காட்டினதைப் பார்த்துப் பார்ட்ஸ் வாங்குவதுதான் சொந்த ரிப்பேரில் அதிகம் காசு போகும் இடம்.

எப்படியும் பிளக் மாத்தப் போறீங்க. மாத்தும் முன்னாடி, முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதோடு இடம் மாத்தி, எரர் கோடை ஸ்கேனரில் அழிச்சிட்டு ஓட்டுங்க. பி0302 வந்தால் காயில் போச்சு. பி0301 அப்படியே இருந்தால் பிளக்கை இதேபோல் மாத்திப் பாருங்க. அதுக்கும் நகராமல் இருந்தால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன், வயரிங். அங்கிருந்து உங்க வேலை இல்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் "காயில், பிளக் இரண்டையும் மாத்திப் பார்த்தாச்சு, எரர் கோடு நகரலை" என்று சொன்னீங்கன்னா அவருடைய நேரமும் மிச்சம், உங்க பணமும் மிச்சம்.

லைட் நின்னு எரிஞ்சால் பரவாயில்லை, மினுக்கினால் ஆக்சிலரேட்டரைக் குறைங்க. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும், அதன் விலை காயில் மாதிரி இல்லை.

---

பட்டறை_மதுரை

பேவர் பிளாக் பத்தி யாரும் சொல்லலையே. ஜாக் ஸ்டாண்டோட கால் சின்னது, எடை முழுக்க ஒரு கல்லு மேல இறங்கும், கல்லு சாஞ்சா ஸ்டாண்டும் சாயும். 18 மி.மீ. ப்ளைவுட் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி ஸ்டாண்டுக்கு அடியில போடுங்க, ஜாக்கிக்கு இன்னொண்ணு. கழட்டின வீலை ஓரமா சாய்ச்சு வைக்காம வண்டி படிக்கு அடியில படுக்க வச்சுடுங்க, ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி அது மேல உக்காரும்.

வீலை மாட்டுறதுக்கு முன்னாடி வீல் உக்காருற ஹப் முகத்துல துரு இருந்தா பிரஷ் போடுங்க. நாலு நட்டையும் எதிர் எதிரா கையால ஏத்தி, வண்டியை இறக்கிட்டு 85 நியூட்டன் மீட்டர். 50 கி.மீ. ஓடினதும் ஒருமுறை ரெஞ்ச் வச்சுப் பாருங்க. பஞ்சர் கடையில ஏர் கன்னால இறுக்கினா, வீட்டுக்கு வந்து தளர்த்தி திரும்ப உங்க ரெஞ்ச்ல இறுக்கிக்கங்க. நடுரோட்டுல வண்டியோட வந்த வீல் ஸ்பானரால அதை அசைக்கக்கூட முடியாது.